பாகூர் அணிக்குப் பந்து வாத்தியார்

எங்கள் பாகூர்ப் பந்தாட்ட அணிக்கு வாத்தியாராக, ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்து விடும் கோவிந்தசாமி மாமாவைப் போன வாரம் தேர்ந்தெடுத்தோம். அவர் பேச்சை ஊரே கேட்கும்.

இன்று புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுச் சிப்பாய்களோடு, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாக்களோடு, முதல் ஆட்டம். முருகேசன் பந்தோடு கோல் வரைக்கும் போய்விட்டான்.

ஏரிக்கரையிலிருந்து மாமா கத்தினார்.

"டேய் முருகேசா, எம்மா நேரம்டா நீயே வச்சிக்கினு இருப்ப? அந்த சொல்தாங்களுக்கும் கொஞ்சம் விடுடா!"

வயலில் கேட்டுப் பழகிய குரல். அவன் சட்டென்று பந்தை விட்டுவிட்டான்.

தோற்றோம். மாமா இரண்டு அணிக்கும் சமமாக வெல்லம் பங்கு வைத்தார்.

"இன்னா ஒத்துமையா ஆடனீங்க!" என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

வாத்தியாரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கு என் வயலுக்குத் தண்ணீர் முறை. உங்களில் யாராவது போய் அவரிடம் சொல்கிறீர்களா?