பிடிபடாத திருடன்

ஷாமீர்பேட்டை மருந்துத் தொழிற்சாலையில் சுவர்ச்சலாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்லுவார்கள். அதிகம் சொன்னவள் சுவர்ச்சலாவேதான். பத்தொன்பது வருடத்தில் அவள் செய்த ஒரு சோதனைகூட செல்லாமல் போனதில்லை. அந்தப் பெருமையில் மற்றவர்களை ஒரு வழி பண்ணுவாள். உதவியாளர் ஷாகிராவின் கையெழுத்தைப் பார்த்தால், "கோழி கிளறினதா?" என்பாள்.

தொட்டியில் வளரும் செல்களிலிருந்து மருந்து வரும். அதில் வைரஸ் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மூன்று குடுவைகளில் நல்ல செல்களை வளர்ப்பாள். ஒன்றில் தொட்டிச் சரக்கை விடுவாள், ஒன்றைச் சும்மா வைப்பாள், மூன்றாவதில் தெரிந்தே வைரஸைப் போடுவாள். அதற்குப் பெயர் 'திருடன்'. பதினாலாம் நாள் கோழி ரத்தத்தை விட்டுக் கழுவினால், வைரஸ் பட்ட செல்கள் மட்டும் சிவப்பணுக்களை விடாமல் பிடித்துக்கொண்டு சிவந்து தெரியும்.

அன்று பதினாலாம் நாள். தொட்டிக்குப் பொறுப்பான யாதகிரி வாசலில் நின்று, அவள் வழக்கம்போல் கொண்டுவந்த சகினாலு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, முகம் சரியில்லையே? என் தொட்டி மாட்டிக்கிச்சா?"

"உன் தொட்டி சுத்தம். என் திருடனும் சுத்தமா இருக்கான்."

"திருந்திட்டான் போல! தொட்டி சுத்தம்னு எழுதிவிடுங்கக்கா."

"நானே உள்ள விட்ட திருடனைப் பிடிக்கத் துப்பில்லை. உன் வீட்டுக்கு வந்தவனையா பிடிச்சிருப்பேன்?"

ரத்தப் புட்டியை எடுத்தாள். தேதி அவள் எழுதியதுதான், பதினேழு. நான்கு நாள் ரத்தம். ஷாகிரா குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது பதினேழில்லை, பதினொண்ணு. பத்து நாள் பழைய ரத்தம், எப்படி ஒட்டும்?" கொஞ்சம் நிறுத்தி, "கோழி கிளறியிருக்கு" என்றாள்.

திறந்த குடுவைகளை மறுபடி சோதிக்க விதியில் இடமில்லை. 'செல்லாது. ரத்தம் பழையது. தவறு என்னுடையது' என்று எழுதிச் சுவர்ச்சலா கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடப் பெருமை போயிற்று. அழுகை முட்டியது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தாள்.

புதிதாகத் தொடங்கிய சோதனையின் பதினாலு நாளும் யாதகிரி விடவில்லை. கேண்டீனில் தோசையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது ஒண்ணா ஏழா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துத் தொலைப்பாள்.

மறுபடி பதினாலாம் நாள் வந்தது. தேதியை ஷாகிரா உரக்கப் படிக்க, சுவர்ச்சலா புது ரத்தத்தை விட்டுக் கழுவினாள். சும்மா வைத்த குடுவை வெளுப்பு. திருடன் சிவப்பு. "மாட்டினான்!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தொட்டிக் குடுவையை லென்சுக்கடியில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஷாகிராவையும் பார்க்கச் சொன்னாள். அதுவும் சிவந்திருந்தது.

வெளியே வந்தபோது யாதகிரி அவளுடைய சகினாலு டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, ஒண்ணா ஏழா?"

"யாதகிரி, தொட்டியை நிறுத்துப்பா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கையிலெடுத்த சகினாலுவை டப்பாவிலேயே திரும்ப வைத்தான்.