ஜன்னலுக்கு வெளியே தெரிந்த நிழல்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் திருட்டுப் போன பிறகு, லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கினேன். “இது எதுக்குங்க? பாத்தாலே பயமா இருக்கு” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் தனியாக இருந்தேன். மூன்றாவது மாடியில், பாத்ரூம் ஜன்னலின் மங்கலான கண்ணாடிக்கு வெளியே ஓர் ஆளின் நிழல் அசைந்தது. ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து, யாரென்று இந்தியில் “கோன் ஹை?” எனக் கத்தினேன். பதில் வருவதற்குள் சுட்டுவிட்டேன்.

“ஐயோ, அம்மா!” என்ற அலறல் தமிழில் கேட்டது. அவர் தாராவியைச் சேர்ந்த பிளம்பர். மேல்வீட்டுக் குழாயைச் சரிசெய்யக் கயிற்றில் இறங்கியிருக்கிறார். குண்டு வலது தோளில் பாய்ந்திருந்தது.

அவர் உள்ளே நுழைந்தாரா, கையில் ஆயுதம் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். துப்பாக்கியைப் பறிமுதல் செய்து, என்னைக் கைது செய்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறேன்; வழக்கு நடக்கிறது.

போன வாய்தாவின்போது கோர்ட் வராந்தாவில் எனக்குத் தலை சுற்றியது. பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து, “உக்காருங்க அண்ணாச்சி” என்றார். அவரது வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

அவரிடம் பேசக்கூடாது என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன். அன்று ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கலாமே என்ற நினைப்பு என்னை விடுவதே இல்லை.