பெரிய மச்சான் கைக்குப் போன நோட்டீஸ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும், பாதி மறந்தும் விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோயில் மாதர் கூட்டத்துக்கு வந்து சட்டம் சொல்லிக்கொடுக்கிற வக்கீல் பிள்ளை, "கோர்ட்டுப் படி ஏறினவுக யாராச்சும் எழுதிக் குடுங்கம்மா, புத்தகமாப் போடுவோம், மத்தவுகளுக்கு உதவும்" என்று கேட்டது. ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பேசச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. எழுதுகிறபோது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் பாலவனத்தத்துக்குப் பக்கம். அம்மா எனக்கு எழுதிவைத்த ஓட்டு வீட்டில் இருந்தோம். பத்திரம் என் பேரில். காலைப் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய்த் தறிக்கூடத்தில் ஊடைநூல் தார் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். என் வீட்டுக்காரர் திருச்சுழிப் பக்கம் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். போனால் பத்து நாள், பதினைந்து நாள். திரும்பும்போது குடித்திருப்பார். குடித்திருந்தால் அடிப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதுவும் அடிக்க ஒரு காரணம். ஒரு தடவை இடது கை மணிக்கட்டு உடைந்துவிட்டது. தார் சுற்றுகிறவளுக்குக் கை போனால் என்ன இருக்கிறது? மாவுக்கட்டோடு நின்ற என்னை என் அக்கா தரதரவென்று டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, வீடு உன் பேருல இருக்கு. அந்த ஆளு உள்ள வரக் கூடாதுன்னு கோர்ட்டுல தடை வாங்கலாமாம். வா."

அக்காவுக்குப் படிப்பு கிடையாது. வாய் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஆனால் வக்கீல் குமாஸ்தா மனு எழுத உட்கார்ந்த நேரம் பார்த்து, ஸ்டாம்பு வாங்கிவர அவளைத்தான் அனுப்பினார். நான் மட்டும் நின்றேன்.

"புருஷன் பேரு என்னம்மா?"

எங்கள் பக்கம் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் இதில் மாற்றம் இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"வாரவுக பாதிப் பேரு இப்பிடித்தான். புருஷன் மேல மனுக் குடுக்கணும், ஆனா பேரு மட்டும் வராது. ஏதாச்சும் காயிதம் இருக்கா?"

பையில் ரேஷன் கார்டு இருந்தது. அந்த வாரம் சீனி வாங்க என் கைக்கு வந்த கார்டு. எடுத்துக் கொடுத்தேன். "இதுல இருக்கு" என்றேன்.

அது கூட்டுக் கார்டு. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் இருந்தபோது என்னைச் சேர்த்தது. மாமனார் இறந்த பிறகு குடும்பத் தலைவராக என் வீட்டுக்காரரின் அண்ணன் பேரை எழுதியிருந்தார்கள். நாங்கள் தனிக்குடித்தனம் வந்தும் கார்டைப் பிரிக்கவில்லை. குமாஸ்தா முதல் வரியில் இருந்த பேரையும் அந்த வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொண்டார். எழுதியதை என்னிடம் நீட்டி, "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு" என்றார். எனக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஓர் ஆம்பிளை முன்னால் எழுத்துக் கூட்ட வெட்கமாக இருந்தது. படிக்காமல் போட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. கையை உடைத்தவர் ஆயுசைக் காப்பாற்றப் போய் இத்தனையும் இழுத்துவிட்டேன் என்று அக்கா கடைசி வரை சொல்லிச் சிரித்தாள்.

பெரிய மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவேன், அதுவும் மனதுக்குள்தான். பாலவனத்தத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். காலையும் மாலையும் எங்கள் கோயில் மணியை அடிப்பதும் அவர்தான். நான் எதிரே வந்தால் அவர் தெருவின் அந்த ஓரம் போய்விடுவார், நான் இந்த ஓரம் நிற்பேன். பதினொரு வருஷத்தில் என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது.

வாய்தா வரைக்கும் தற்காலிகத் தடை கிடைத்துவிட்டது, நோட்டீஸ் கோர்ட்டு அமீனா கையில் போகிறது என்று குமாஸ்தா சொல்லி அனுப்பினார். அந்த வாரத்திலிருந்து பெரிய மச்சான் எங்கள் தெரு வழியாக வரவில்லை. கோயிலுக்குக் கண்மாய்க்கரையைச் சுற்றிப் போனார். வேகாத வெயிலில் அரை மைல் கூடுதல் நடை. பூசையிலும் கடைசித் தூண் பக்கம் உட்கார்ந்தார். காலில் ஏதோ நோவு, யாரோ கரையில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு மடச்சி உண்டா!

நடுவில் ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்தார். வழக்கம்போலக் கதவைக் காலால் தள்ளினார். எங்கிருந்து எனக்குத் துணிச்சல் வந்ததோ, "உள்ள வரக் கூடாது. கோர்ட்டு உத்தரவு இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "எங்க இருக்கு? எங்கிட்ட எவன் குடுத்தான்? நீயா ஒண்ணு சொல்லுவ, நான் கேக்கணுமாக்கும்."

சோற்றைத் தானே போட்டுத் தின்றார், போனார். மாவுக்கட்டைப் பார்த்தோ என்னவோ அன்று அடிக்கவில்லை. அவர் சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது. அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை என்பது நிஜம்தானே? கொடுக்காத உத்தரவை எப்படி மதிப்பார்?

வாய்தா நாளில் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் பெரிய மச்சான் நின்றார். வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் மடித்த காகிதம். தம்பிக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெரிய மச்சான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"இவரு எதுக்குடி போறாரு?" என்றாள் அக்கா.

"அவருதான எதிரி" என்றார் குமாஸ்தா. கேஸ் கட்டை விரித்துக் காட்டினார். நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இவர் என்னை அடித்தார், கையை ஒடித்தார், இவர் என் வீட்டுக்குள் வரக் கூடாது. எல்லாம் பெரிய மச்சான் பேரில்.

அக்கா சத்தம் போடப் போனாள். குமாஸ்தா அவள் கையைப் பிடித்து அமர்த்தினார். "சும்மா இருங்க தாயி. இப்பப் பேரை மாத்துனா மறுபடி மனு, மறுபடி நோட்டீஸு. இந்தம்மா எத்தன மாசம் அடி வாங்கும்? உத்தரவு வரட்டும், பேரை அப்புறம் திருத்திக்கிடலாம்."

அக்கா யோசித்தாள். அக்கா யோசித்தாள் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அந்த உத்தரவு இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப எனக்கு அவ்வளவு பயம்.

நாங்களும் உள்ளே போனோம். ஜட்ஜ் ஐயா, "இந்தம்மாவை அடிச்சிங்களா?" என்று கேட்டார்.

பெரிய மச்சான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அய்யா, நான் இந்தத் தாயி மொகத்த நிமுந்து பாத்தது இல்ல. ஆனா எம் பேருக்கு நோட்டீஸ் வந்துச்சு, வாங்கிட்டேன். அந்தத் தெருவுல கால் வைக்கல. எந் தம்பிய நான் கண்டிக்கல, அந்தத் தப்பு எம் மேல இருக்கு. அதுக்காகத்தான் எம் பேரச் சொல்லியிருக்கும். உத்தரவு போட்டுருங்க."

எங்கள் வக்கீல் எழுந்து, "எதிரி ஆட்சேபிக்கவில்லை" என்றார். ஜட்ஜ் ஐயா பேனாவை எடுத்தார்.

எனக்கு என் கல்யாண ஓலை நினைவுக்கு வந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் இரண்டு பேர் பேரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டார். சேர்த்து வைக்கிறதுக்கே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி மூன்று தடவை சொன்னார்கள். விலக்கி வைக்கிறதை, விலக வேண்டிய ஆளுக்குச் சொல்லாமல், வேறு ஒருத்தர் தலையில் வைப்பதா?

"அய்யா, இவுக இல்ல" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எல்லோரும் திரும்பினார்கள்.

"பின்னே யாரு?"

"இவுக தம்பி."

"தம்பி பேரு?"

மேலே விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. குமாஸ்தா தலையில் கையை வைத்துக்கொண்டார். பெரிய மச்சான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், நான் சொல்வதற்குத் தோதாக.

சொன்னேன். பீடத்தின் முன்னால் மோதிரம் மாற்றும்போது சாமியார் சொல்லச் சொன்னதால் ஒரு தடவை சொன்ன பேர். இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கிடையாது, இங்கேயும் எழுதவில்லை.

ஜட்ஜ் ஐயா அந்த இடத்திலேயே பெரிய மச்சான் பேரை எடுக்கச் சொன்னார். "உங்களுக்கு வந்திருக்கக் கூடாத நோட்டீஸ் இது. நீங்க போகலாம்" என்றார். பிறகு என்னிடம், "உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கே இருப்பார்?" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லு. வீட்டுக் கதவுல ஒட்டிட்டு முடிச்சுருவோம்" என்று குமாஸ்தா பின்னாலிருந்து முணுமுணுத்தார். ஒட்டுவது என் வீட்டுக் கதவில். அதை அவர் எங்கே பார்க்கப் போகிறார்? திருச்சுழிக்கு இந்தப் பக்கம் எந்த ஊர்க் கண்மாயில் மூட்டம் போட்டிருக்கிறார் என்று அடையாளம் சொன்னேன்.

"தடை உத்தரவும் நோட்டீஸும் சேர்ந்து அவர் கைக்கே போகட்டும். அவர் சொல்றதையும் கேட்டுத்தான் முடிவா எழுதுவேன்" என்றார் ஜட்ஜ் ஐயா.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏட்டி கிறுக்கி! கையில வந்ததத் தட்டிவிட்டியே. இனி அமீனாவுக்கு அந்தக் காட்டுல ஆள யாரு காட்டுவா? நீ போவியா, நான் போவேனா?"

வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரிய மச்சான், எங்களைப் பார்க்காமல், மரத்திடம் சொல்வது போலச் சொன்னார். "நான் காட்டுதேன். தாயிக்குக் கை எப்பிடி இருக்கு?"

"தேவலை" என்றேன், நானும் மரத்திடம்.

மூட்டத்தடியில் நடந்ததை அமீனாவே பிற்பாடு அக்காவிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் கரி அப்பின முகத்தோடு வந்து, "அண்ணே, நீயுமா?" என்றாராம். பெரிய மச்சான் அவரை உட்கார வைத்து, "ஏலே, உனக்கு முந்தி எனக்குத்தான் வந்துச்சு. வாங்கிக்கிட்டேன். இப்ப உன்னோடது உனக்கு. வாசிக்கேன், காது குடுத்துக் கேளு. பொறவு தெரியாதுன்னு சொல்லாத" என்று காகிதம் முழுவதையும் வாசித்தாராம். வாய்தா தேதியை மட்டும் இரண்டு தடவை. என் வீட்டுக்காரர் கரிக் கையாலேயே பெருவிரல் வைக்கப் போக, அமீனா, "அதுவே போதும்யா, மை வேண்டாம் போல" என்று சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்களாம்.

வாய்தாவுக்கு அவர் குளித்து, குடிக்காமல் வந்தார். ஜட்ஜ் ஐயா அவரைப் பேச விட்டார். "கைய ஒடிக்கணும்னு அடிக்கலய்யா" என்றார். அடித்ததை அவர் வாயாலேயே சொன்னதாகிவிட்டது. பிறகு, "வீட்டுல எங்க ஆத்தா போட்டோ இருக்கு, அது மட்டும் வேணும்" என்றார். அவருக்கு அது வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சுவரில் மாட்டியிருந்த படத்தை அவர் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவரையும் கேட்டதால்தான் தெரிந்தது. படத்தையும் வெட்டரிவாளையும் மண்வெட்டியையும் அண்ணன் வந்து வாங்கிக்கொள்வது, அவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவானது.

அவர் வரவில்லை. குடித்திருந்த நாளிலும் தெருக்குழாய் வரைதான். அங்கே நின்று இரண்டு வசவு வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். யாராவது ஏற்றிவிட்டால், "எங்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டாகப்பா" என்பாராம். பேரைச் சொன்னதால் அவர் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. பதினெட்டு வருஷம் நன்றாகவே இருந்தார். என் கை கூடிவிட்டது, தொண்ணூறுகள் முழுக்கத் தார் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு படுப்பேன். அந்தத் தூக்கத்தின் ருசியை எனக்கு எழுதத் தெரியவில்லை. பெரிய மச்சான் மறுபடி எங்கள் தெரு வழியாகவே மணி அடிக்கப் போனார். என் வாசல் வந்ததும் ஒரு கனைப்பு. அவர் இருந்த வரைக்கும் எனக்கு அதுதான் கடிகாரம்.

வக்கீல் பிள்ளைக்கு ஒரு வேண்டுதல். வருஷமும் மாசமும் நான் சொன்னது முன்னே பின்னே இருக்கலாம், மனுவுக்குச் சட்டத்தில் என்ன பேர் என்றும் தெரியாது, அதையெல்லாம் திருத்திக்கொள். கோர்ட்டுக் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய ரேஷன் கார்டோடு இருக்கின்றன, கொண்டுவந்து தருகிறேன். முதல் காகிதத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவை பார். பெரிய மச்சான் பேரை ஒரு இடம் விடாமல் அடித்திருக்கிறார்களா என்று எனக்குச் சொல்ல வேண்டும். அடித்ததாகத்தான் ஞாபகம்.