விரிப்பின் மறுமுனை

லண்டன் கோலியர்ஸ் வுட் லாண்டரியில் இன்று என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். புதிதாக வந்த மாமிக்கு மாலைக்குள் வேலை பழக்காவிட்டால் அவரை எடுக்கமாட்டார்களாம்.

அம்மா வயதுக்காரரிடம் "இதைச் செய்யுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேசாமல் ஒரு கட்டில் விரிப்பின் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி மறுமுனையைப் பிடித்தார்.

"இப்பிடியோ, பிள்ளை?"

தலையாட்டினேன். நீராவிக்குள் இருவரும் நெருங்கினோம், விலகினோம், மறுபடி நெருங்கினோம். மேகத்தை மடிப்பதுபோல இருந்தது.

மாலையில் மானேஜர் மடித்த விரிப்புகளின் அடுக்கைப் பார்த்துவிட்டு, மாமியை நாளைக்கும் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் மாமி கேட்டார்: "சூப்பர்வைசர் ஆர், பிள்ளை? காலமையிலிருந்து ஒருத்தரையும் காணேல்லையே."

"நாளைக்கு வருவா, மாமி."

இதை வாசிக்கிற உங்களில் யாராவது நாளைக்குச் சூப்பர்வைசராக வர ஏலுமோ?