நாற்பத்திரண்டில் ஓடிய பச்சை வண்டி

பயந்தாங்கொள்ளிகளுக்கு யாராவது பரிசு கொடுத்தால் முதல் பரிசு அவளுக்குத்தான். ஆனால் மேடையேறி வாங்கப் பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். வேலைக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கினால், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க இரண்டு தடவையாவது திரும்ப ஏறுவாள். லிஃப்டில் தனியாகப் போகமாட்டாள், கூட்டமாகவும் போகமாட்டாள். "உனக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலன்னா, ஏன் கிடைக்கலன்னு பயப்படுவ" என்று புருஷன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

இப்படிப்பட்டவள் கார் விற்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? முதலில் ஒன்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றாள். நாய்க்குப் பயந்து பாதி வீடுகளில் மணியே அடிக்காமல் திரும்பியதில் அந்த வேலைக்கு மங்களம் பாடியாயிற்று. அதற்கப்புறம் சேர்ந்ததுதான் இந்த ஷோரூம். கண்ணாடிச் சுவர், முகம் தெரிகிற தரை, நடுவில் நான்கு வண்டிகள். நாய் உள்ளே வர வழியில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சேர்ந்த புதிதில், யாரும் சீண்டாத ஒரு கூட்டத்தை அவள் தலையில் கட்டினார்கள். பூமி கெட்டுப்போகிறதே என்று நிஜமாகவே கவலைப்படுகிறவர்கள். கார் பார்க்க சைக்கிளில் வருவார்கள். தண்ணீர் கொடுத்தால் பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுப்பார்கள். வண்டிப் படம் போட்ட புத்தகத்தை நீட்டினால், "இதுக்கு எத்தனை மரத்த வெட்டினீங்க?" என்பார்கள். ஒருவர் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வண்டி செத்தால் எங்கே புதைப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் வாசலில் தலை காட்டினாலே மற்ற விற்பனைக்காரர்கள் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

அவளுக்கு மட்டும் அவர்களைப் பிடித்துப்போனது. அவர்களும் பயந்தவர்கள்தானே. அவள் அடுப்புக்குப் பயந்தாள், அவர்கள் பூமிக்கே பயந்தார்கள். அதனால் அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "உண்மையச் சொல்லணும்னா கார் வாங்காம இருக்கறதுதான் நல்லது. பஸ்ல சமாளிக்க முடியும்னா பஸ்லயே போங்க. முடியாதுன்னா மட்டும் இதப் பாருங்க."

முதல் தடவை இதைக் கேட்டபோது மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாதம் ஆறு வண்டி போனதும் வாயை மூடிக்கொண்டார். நான்கு வருஷத்தில் அறுபத்துமூன்று குடும்பங்கள் அவளிடம் வாங்கின. அவர்களுக்கென்று போனில் ஒரு குழு வைத்திருந்தாள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வழி, பழைய டயரில் செடி வளர்க்கும் வழி என்று அதில் நாள் முழுக்கப் பேச்சு ஓடும். எல்லாருக்கும் அவள் மைலேஜ் அக்கா.

அந்த மைலேஜில்தான் விஷயம் இருக்கிறது. ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் பச்சை வண்டியின் கண்ணாடியில் 'லிட்டருக்கு 28' என்று ஒட்டியிருக்கும். இந்தக் கூட்டம் நிறத்துக்கும் பாட்டுப் பெட்டிக்கும் மயங்காது, அந்த எண்ணுக்கு மட்டும் மயங்கும். ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் திரையிலும் இருபத்தெட்டுதான் காட்டும். காட்டாமல் என்ன? அந்த வண்டி டயருக்கு முப்பத்துமூன்று பவுண்டு காற்று போதும். திங்கட்கிழமை தோறும் காற்று பிடிக்கும் பெரியவர் மேனேஜர் சொற்படி நாற்பத்திரண்டு வைப்பார். டயர் விறைத்துக்கொண்டு தரையில் கொஞ்சமாகத்தான் படும், சும்மா தள்ளினாலே உருளும். ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத சின்னப் பொய் என்றுதான் அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தரையில் கொஞ்சமாகப் படும் டயர் ஈரத்தில் பிடிக்காது. இதுவும் அவளுக்குத் தெரியும், புத்தகத்தில் படித்தல்ல. போன மழைக்காலத்தில் அதே வண்டியை அவள் ஓட்டி வந்தபோது, ஒரு சிக்னலில் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. குடை பிடித்துக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அந்த ஆள் திட்டக்கூட இல்லை, குடையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் இதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் டீச்சர் வந்தார். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர், தெரு முழுக்க உரக்குழி தோண்ட வைத்தவர். அவரை நம்பி ஒன்பது குடும்பங்கள் வண்டி எடுக்கக் காத்திருந்தன. அவர் எந்தத் திரையையும் நம்பமாட்டார். "டேங்க்க நிரப்பி, ரெண்டு நாள் மலைக்குப் போயிட்டு வந்து, மறுபடியும் நிரப்பி நானே கணக்குப் போடறேன். அப்புறம்தான் எங்க ஆளுங்ககிட்ட சொல்லுவேன்" என்றார். மலைமேல் அவருடைய அம்மா வீடு. கூட வருவது தங்கையும் தங்கையின் ஆறு மாதக் குழந்தையும். டீச்சரும் தங்கையும் காத்திருந்த குடும்பங்களும் அவள் போன் குழுவில் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள்.

வெளியூருக்குப் போகும் வண்டிக்குக் காற்றை இறக்கிவிடுவது ஷோரூம் வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்றுப் பெரியவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, இறக்கிடட்டுமா?"

அவள் வாய் திறப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அக்கா என்பார்.

"வேண்டாம்க்கா. அவங்களே அளந்து பார்க்கறேன்னு சொல்றாங்க. இருபத்திநாலு வந்துச்சுன்னா ஒன்பதும் போச்சு. வெயில் காலம்தானே, ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து மறுநாள் அவள் தன்னையே எத்தனை தடவை அறைந்துகொள்ள நினைத்தாள் என்று சொல்ல முடியாது. பெரியவர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி போனது. பதினொன்றரைக்கு டீச்சரின் தங்கை குழுவில் எழுதினாள்: 'அக்கா ஓட்டுறாங்க, நான் டைப் பண்றேன். திரையில 29 காட்டுது!' உடனே கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. அப்போதே பதிவு செய்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஒரு மணிக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் காலமாவது மண்ணாவது, அரைமணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஷோரூம் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் ஓடியது. எதிரே சாலையில் போகும் வண்டிகளின் டயர்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார். வண்டி ஓட்டும்போது போனை அணைத்துவிடுவது அவர் கொள்கை, அதை மற்றவர்களுக்கும் பாடம் எடுப்பார். தங்கையின் எண் அவளிடம் இல்லை. குழுவில் இருப்பாள்தான், ஆனால் அதில் எண் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும், அதிலும் பாதிப் பேர் பூவும் மரமுமாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் போன் போட்டு விசாரித்தால் ஏன் என்று கேட்பார்களே? கடைசியில் குழுவில் எழுதினாள்: 'மழை பெய்யுது டீச்சர், மெதுவா போங்க.' இதை எழுதியதும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. மெதுவாகப் போயும்தானே அன்றைக்கு அந்தச் சிக்னலில் வண்டி வழுக்கியது? மலையில் இறக்கம் இருக்கிறதே, வளைவு இருக்கிறதே?

இரண்டே முக்காலுக்குத் தங்கை ஒரு படம் போட்டாள். ஈரக் கண்ணாடி, அதற்கப்பால் பளபளக்கும் கறுப்புச் சாலை. படத்தின் ஓரத்தில் குழந்தையின் காலுறை போட்ட ஒரு பாதம். 'பாப்பா நல்லா தூங்குறா. மழை செம. இப்ப மலை ஏறப் போறோம்.'

அந்தச் சின்னப் பாதத்தைப் பார்த்ததும் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வேலை போய்விடும் என்ற பயம், மேனேஜர் கத்துவார் என்ற பயம், அறுபத்துமூன்று குடும்பங்களும் காறித் துப்பும் என்ற பயம் எல்லாம் இருந்தன. தைரியம் என்று ஒன்று அவளுக்கு அப்போதும் வரவில்லை. பெரிய பயம் வந்து சின்னப் பயங்களை வழியிலிருந்து தள்ளியது, அவ்வளவுதான். குழுவிலேயே, எல்லாரும் பார்க்க, எழுதினாள்.

'டீச்சர், வண்டிய உடனே ஓரமா நிறுத்துங்க. மலை ஏறாதீங்க. நாலு டயர்லயும் காத்து நாற்பத்திரண்டு இருக்கு. முப்பத்திமூணுதான் இருக்கணும். மைலேஜ் கூடக் காட்டணும்னு நாங்களேதான் வச்சோம். ஈரத்துல பிரேக் பிடிக்காது. எனக்குத் தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்.'

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, அத அழிங்க. யாரும் பார்க்கறதுக்குள்ள அழிங்க."

"பதினேழு பேர் பார்த்தாச்சு சார்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? என் வேலையும் சேர்ந்து போகும்."

அவள் போனைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள். மேனேஜர் ஒரு அடி எடுத்து வைத்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கை இன்னும் பார்க்கவில்லை. ஏறியிருப்பார்களா? ஏறினால் போனுக்குச் சிக்னல் கிடைக்காதே? பத்து நிமிஷம் அப்படியே போனது. அந்தப் பத்து நிமிஷத்தில் அந்த வண்டியை அவள் மனசுக்குள் எத்தனை பள்ளத்தில் தள்ளி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

போன் அடித்தது. புது எண். டீச்சர் குரல்.

"நிறுத்திட்டோம். முதல் வளைவுக்கு முன்னாடி ஒரு பஸ் நிழற்குடை. எவ்வளவு இறக்கணும்?"

திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. காற்றுப் பெரியவர் எப்போது வந்தாரோ, பக்கத்தில் நின்று சொன்னார்: "ஓடி வந்து சூடா இருக்கும்மா. முப்பத்தஞ்சுல நிறுத்தச் சொல்லு, ஆறினா சரியாயிடும்."

டீச்சரின் பையில் சைக்கிளுக்கு வைத்திருக்கும் அளவுமானி இருந்தது. அது இந்த வால்வுக்கும் சேர்ந்தது. "நாற்பத்தஞ்சு காட்டுது" என்றார். காற்று சீறும் சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு டயராகச் சொல்லிக்கொண்டே வந்தார், அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி டீச்சர்" என்றாள். நான்காவது முடிந்ததும் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு இவளும் அழுதுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். சரியான காத்து இருந்தா இந்த வண்டி எவ்வளவு குடுக்கும்?"

"தெரியல டீச்சர். நாங்க அப்படி அளந்து பார்த்ததே இல்ல."

"மழை விட்டதும் ஊருக்குத் திரும்பறோம். வண்டிய வந்து எடுத்துக்கங்க" என்று சொல்லி டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். போனால் போகட்டும், மூன்று உயிரும் கீழேதான் இருக்கின்றன என்று மூச்சை விட்டாள். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. திட்டுகள்தானே, படித்துவிடலாம் என்று குழுவைத் திறந்தாள். முதல் செய்தி, இரண்டு வருஷத்துக்கு முன் வண்டி வாங்கிய மாடித்தோட்டக்காரர் எழுதியது.

'எனக்கு மைலேஜ் வரலன்னு சொன்னப்ப, காத்து நாற்பது வச்சுக்கங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் நாலு டயர்லயும் அதத்தான் வச்சிருக்கேன். காலையில என் பொண்ணு வண்டிய எடுத்துட்டு வெளியூர் போயிருக்கா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா.'

அதற்குக் கீழே இன்னொருவர்: 'எனக்கும் சொன்னாங்க.' அதற்குக் கீழே இன்னொருவர்.

உண்மைதான், சொல்லியிருக்கிறாள். இருபத்தெட்டு வரவில்லையே என்று குறைப்பட்டவர்களுக்கெல்லாம் ஏதோ கைவைத்தியம் சொல்வதுபோல், நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். யார் யாருக்குச் சொன்னாள்? நான்கு வருஷத்தில் வாசலில் நின்று சொன்னது, போனில் சொன்னது, எதையும் எழுதி வைக்கவில்லை. 'எல்லாரும் காத்தைக் குறைங்க' என்று குழுவில் எழுதினாள். ஆனால் ஓட்டிக்கொண்டிருப்பவர் எப்படிப் படிப்பார்?

வெளியே மழை இன்னும் வலுத்திருந்தது. மேனேஜரும் பெரியவரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டார்கள். அவள் வண்டி வாங்கியவர்கள் பட்டியலின் முதல் பெயரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது பெயரை அழுத்தினாள்.