டாக்டரம்மாவின் கார் சொட்டிய வழி

"மருத்துவர்களின் சொந்த வாகனங்களுக்கு, பழுதில்லை என்ற சான்று இல்லாமலேயே கூடுதல் என்ஜின் ஆயில் வழங்கப்படும்." யுத்த காலத்தில் பெரம்பலூர் தாலுகா ஆபீசுக்கு வந்திருந்த பங்கீட்டு விதிகளில் ஒன்றின் இரண்டாம் பத்தி இது. ஆயில் ஒழுகும் வண்டிக்குக் கூடுதல் ஆயில் கிடையாது என்று முதல் பத்தி சொன்னது. முதல் பத்தி தாளின் முன்பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பத்தி மறுபக்கத்தில் இருந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாளைத் திருப்பிப் பார்ப்பது யாருடைய வேலை என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை.

அந்த இரண்டாம் பத்திக்கு எங்கள் ஊரில் உரிமையுள்ளவர் ஒருவர்தான். டாக்டரம்மா. தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடம் வாங்கிய பழைய காரை அவரே ஓட்டுவார். வெள்ளைச் சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கடைவீதியில் ஆட்கள் நிற்பார்கள். கார் நல்ல கார்தான். என்ஜினின் அடியிலிருந்து ஆயில் சொட்டுவது ஒன்றுதான் அதன் குறை. பின் சீட்டில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆயில் டின் இருக்கும். "இதுக்கு ரெண்டு நோய் தம்பி. ஒண்ணு ஒழுக்கு, இன்னொண்ணு வயசு. ரெண்டுக்கும் எங்கிட்ட மருந்து இல்ல" என்பார்.

அவருடைய விண்ணப்பம் பங்கீட்டுக் குமாஸ்தாவான என் மேசைக்குத்தான் வந்தது. அதைத் திருச்சியிலிருந்த மேலாபீசுக்கு அனுப்பினேன். முதலில் ஒழுக்கை அடைத்துவிட்டு வரும்படி பதில் வந்தது. ஒழுக்கை அடைக்க ஒரு சாமான் வேண்டும். அது மதராசிலிருந்து வர வேண்டும். மதராசிலிருந்து வரவழைக்க, வண்டியைத் திருச்சியில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். திருச்சிவரை வண்டி ஓட ஆயில் வேண்டும். இந்த வட்டத்தை வரைந்தவர் கணக்கில் கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும். நான் இரண்டாம் பத்தியை எடுத்துக்காட்டி, 'மறுபக்கம் காண்க' என்று அடிக்கோடிட்டு மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கார் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அரியலூர் ரோட்டில் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சரளையைப் போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அது வெள்ளை வேட்டியை விரித்தது போலக் கிடக்கும். அதன்மேல் கறுப்புச் சொட்டுகள் வரிசையாக விழுந்திருக்கும். டாக்டரம்மா எங்கே போயிருக்கிறார் என்று கம்பவுண்டரைக் கேட்பதைவிட ரோட்டைக் கேட்பதே நிச்சயமானது. வண்டிக்காரர்களுக்கு இதில் வேறோர் ஆதாயம் இருந்தது. மாட்டு வண்டியின் அச்சுக்குப் போடும் மை, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வது. யுத்தத்தில் விளக்கெண்ணெய் எட்டாக் கனியாகிவிட்டது. அதனால் டாக்டரம்மா காரை எங்கே நிறுத்தினாலும், அவருக்குக் கும்பிடு போடுவதற்கு முன்னால் என்ஜினுக்கு அடியில் யாராவது ஒரு கொட்டாங்குச்சியை வைத்துவிடுவார்கள். அவரும் கண்டுகொள்ளமாட்டார்.

பங்குனி மாதக் காலை ஒன்றில் என் மனைவிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியில் வந்தாள். "புள்ள குறுக்கால கெடக்குதுங்க. என் கைக்கு அடங்காது. டாக்டரம்மாவக் கூட்டியாந்துருங்க" என்றாள். என் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் அறிந்த நடைமுறை எதுவும் நிற்கவில்லை. டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினேன். அரியலூர் ரோட்டில் கிளம்பிப் போனார் என்பதற்கு மேல் கம்பவுண்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆபீஸ் சைக்கிளை எடுத்தேன்.

பழைய சொட்டில் புழுதி ஒட்டிச் சாம்பல் நிறமாகியிருக்கும். புதுச் சொட்டு பளபளவென்று ஈரமாக இருக்கும். ஈரத்தைப் பார்த்தே மிதித்தேன். குன்னத்தைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் கரிசல் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை பிரியும். அந்த இடத்தில் சொட்டு நின்றுவிட்டது. கறுப்பு மண்ணில் கறுப்பு எண்ணெயை எப்படித் தேடுவது? மரத்தடியில் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு ஒரு வண்டிக்காரர் குந்தியிருந்தார். டாக்டரம்மா கார் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டேன். அவர் நான் போட்டிருந்த ஆபீஸ் கோட்டைப் பார்த்தார். சைக்கிளில் எழுதியிருந்த ஆபீஸ் எழுத்தைப் பார்த்தார்.

"காரா? இங்க எங்கங்க காரு வருது? விடிஞ்சதுலேருந்து இங்கதான் குந்தியிருக்கேன். ஒரு காக்கா கூட வரல."

நம்பினேன். அரியலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் மிதித்தேன். ரோடு சுத்த வெள்ளையாக இருந்தது, ஒரு சொட்டு கூட இல்லை. திரும்பி வந்தேன். வண்டிக்காரர் எதையோ காலால் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். குனிந்து பார்த்தால், ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கறுப்பு எண்ணெய். விரலை விட்டேன். இன்னும் சூடு ஆறவில்லை.

"என்னய்யா இது?"

"வெளக்கெண்ணெய் சாமி."

"கறுப்பா இருக்கே?"

"வெளக்குல எரிஞ்சதுக்கப்புறம் எடுத்தது சாமி."

பதுக்கிய நெல்லைத் தேடி எங்கள் ஆபீஸ் ஆட்கள் ஊர் ஊராகப் புகுந்துகொண்டிருந்த சமயம் அது. கோட்டுப் போட்டவன் எதைக் கேட்டாலும் பறிமுதல் செய்யத்தான் கேட்கிறான் என்பது அந்தச் சீமை முழுவதற்கும் தெரிந்த பாடம். "யோவ், உன் எண்ணெய் எனக்கு வேணாம். என் வூட்டுல வலியெடுத்துக் கெடக்குறா. புள்ள குறுக்கால நிக்குது" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? கோட்ட மாட்டிக்கிட்டு வந்து காரு எங்கன்னு கேட்டா எவன் சொல்லுவான்?" என்று என்னையே திட்டிக்கொண்டு கரிசல் பாதையில் எனக்கு முன்னால் ஓடினார். கொஞ்சம் உள்ளே, ஒரு கூரை வீட்டு வாசலில் கார் நின்றது. அதன் அடியில்தான் அவர் கொட்டாங்குச்சியை வைத்து எடுத்திருக்கிறார்.

ஜுரம் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் என்ஜின் மூடியைத் திறந்து, ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியை உருவினார். கம்பி வறண்டிருந்தது. பின் சீட்டு டின்னைக் குலுக்கினார். அதுவும் காலி. "தம்பி, நான் வந்துருவேன். இது வராது" என்றார். "இப்படியே ஓட்டினா பாதி வழியில என்ஜின் இறுகிடும். மாட்டு வண்டியில போனா சாயங்காலம் ஆயிடும்." சாயங்காலம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

வண்டிக்காரர் அதற்குள் வேப்பமரத்துக்குத் திரும்பி ஓடி, வண்டிக்கு அடியில் கட்டியிருந்த ஒரு கலயத்தையும் அந்தக் கொட்டாங்குச்சியையும் கொண்டுவந்தார். கலயம் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"என் கார்ல பிடிச்சதா?" என்றார் டாக்டரம்மா.

"பிடிக்கலீங்கம்மா. அதுவாப் போட்டுச்சு, எடுத்து வச்சேன்."

"கரி கலந்துட்டியா?"

"நாளைக்குக் கொழைக்கலாம்னு இருந்தேங்க."

அந்த 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். என் மேல்துண்டை நான்காக மடித்து வடிகட்டினோம். கட்டுப்பாட்டிலுள்ள பண்டத்தை அனுமதியின்றிச் சேர்த்து வைத்தது, பழுதுள்ள வண்டிக்கு அதை வழங்கியது, இரண்டும் பங்கீட்டுக் குமாஸ்தாவின் முன்னிலையில், அவருடைய துண்டின் வழியாகவே நடந்தேறின. அளவுக்கம்பி பாதிவரை நனைந்தது. சைக்கிளை வண்டிக்காரரிடம் விட்டுவிட்டுக் காரில் ஏறினேன். நான் பின்னால் திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்ப்பதைக் கண்டு, "பின்னால பாக்காதீங்க தம்பி. அது ஒழுகிட்டுத்தான் இருக்கும். தீர்றதுக்குள்ள போயிடலாம்" என்றார்.

போய்விட்டோம். அவர் உள்ளே போனார், கதவு மூடியது. நான் காரின் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தேன். என்ஜினுக்கு அடியில் சொட்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளிருந்து, தொண்டை கிழியும்படி ஓர் அழுகை. மாமியார் வெளியே வந்தார். "பொண்ணு, மாப்ளே. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." அப்படியே காரின் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ நிம்மதிகளைப் பார்த்தாயிற்று, பதவி உயர்வு, ஓய்வூதியம் உட்பட. எதுவும் அந்தச் சக்கரத்தருகே வராது.

அன்று பிறந்தவள் இப்போது சொந்தமாகக் கார் வைத்திருக்கிறாள். சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் போதும், மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரகளை செய்துவிடுவாள். நான் அதற்குள் போய் விரலால் தொட்டுப் பார்ப்பேன். கறையாகும் என்று திட்டுவாள்.

யுத்தம் முடிந்து, சாமான் கிடைத்து, டாக்டரம்மாவின் கார் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. வண்டிக்காரர்களுக்குத்தான் வருத்தம். "என்னங்கம்மா, காருக்கு ஒடம்பு சரியில்லையா? ஒண்ணுமே போட மாட்டேங்குதே" என்று வழியில் மறித்துக் கேட்டார்களாம்.

என் நினைவூட்டுக் கடிதங்கள் மட்டும் முறைப்படி போய்க்கொண்டிருந்தன. தொடங்கிய கோப்பை முடிக்காமல் விடுவது என் வழக்கமில்லை. கடைசியில் ராஜ முத்திரை அச்சிட்ட உறையில் பதில் வந்தது. டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த மகளும் கூட வந்திருந்தாள். இரண்டாம் பத்தி மேலாபீசின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், இதுவரை செலவான ஆயில் மருத்துவ அவசியத்துக்கே பயன்பட்டது என்பதற்கு அத்தாட்சி அனுப்பினால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். மருந்து மேசையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார்.

"அத்தாட்சிய அனுப்பிரலாமா தம்பி? ஆனா திருப்பி அனுப்புவாங்களான்னு கேட்டு எழுதுங்க. இவங்க எதையும் சீக்கிரம் திருப்பி அனுப்புறதில்ல."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் பேனாவை எடுத்து, வழக்கப்படி உறையின் மூலையில் வரவுத் தேதியைக் குறித்தேன்: 18 ஆகஸ்டு 1947.