எண்ணெய் விடக்கூடாத இடம்

தையல் மெஷின் மெக்கானிக்குகளுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. இரும்பும் இரும்பும் தொடுகிற இடம் எதுவானாலும் ஒரு சொட்டு வெள்ளை எண்ணெய் விட்டுவிடுவோம். யோசித்துச் செய்வதில்லை. எங்கள் வீட்டுக் கதவின் கீல், கேட்டின் தாழ்ப்பாள், பக்கத்து வீட்டு சைக்கிள் எதுவும் என் எண்ணெய்க் கேனுக்குத் தப்பியதில்லை. "கோயிலுக்குப் போனா முருகன் வேல்மேலயும் ரெண்டு சொட்டு விட்டுட்டுத்தான் வருவீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்துவிட்டாள். ஸ்ட்ரோக் என்றார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கை திரும்பி வந்தது. டம்ளர் பிடித்தாள், அரிசி களைந்தாள், சாமி படத்துக்குப் பூ வைத்தாள். கால் மட்டும் வரவில்லை. தரையில் இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

"ஏனுங்க, இனி நான் மெஷின்ல உக்கார முடியுங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். சட்டென்று, "ஏன் முடியாது? மிதியை மாத்திட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். டாக்டர்கள் சொன்ன எதுவும் எனக்குப் புரிந்ததில்லை. மிதி எனக்குப் புரிந்த விஷயம்.

ஓவர்லாக் மெஷினுக்கு இரண்டு கால் வேண்டும். வலது கால் மிதித்தால் மோட்டார் ஓடும். இடது கால் மிதித்தால் சங்கிலி இழுபட்டு, துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேலே எழும்பும். இரண்டையும் இடது காலுக்கே கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரே மிதி. முன்னால் அழுத்தினால் ஓட வேண்டும், குதிகாலால் அழுத்தினால் ஃபுட் தூக்க வேண்டும். ஓடும்போது ஃபுட்டின் சங்கிலி இழுபடாமல் இருக்க நடுவில் ஓர் இரும்புப் பட்டை, அந்தப் பட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு துளை. அவ்வளவுதான் வேலை.

அந்த நீளத் துளையைத்தான் யாரும் போட்டுத் தரவில்லை. எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் டிராயிங் கேட்டார். டிராயிங் என் தலைக்குள் இருந்தது. ஒற்றைப் பீஸுக்கெல்லாம் மில்லிங் மெஷினை ஒதுக்க முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் பிரித்துப் போட்ட கை இது, ஒரு துளைக்கு இன்னொருவன் வாசலில் நிற்பதா என்று வீராப்பாகத் திரும்பினேன்.

வீட்டில் பழைய ட்ரில்லிங் மெஷின் ஒன்று இருந்தது, மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து வாங்கியது. போனில் பார்த்த வீடியோவில் ஒருத்தர் இந்தியில் பேசிக்கொண்டே அதே மாதிரி மெஷினில் பக்கவாட்டில் வெட்டும் கட்டரை மாட்டி, இரும்பை அல்வா மாதிரி வெட்டிக் காட்டினார். நானும் கட்டர் வாங்கினேன். பட்டையைக் கவ்விப் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் நகருகிற வைஸ் ஒன்றும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் துடைத்து, கட்டரைப் பிடிக்கும் சக் என்கிற பிடியைக் கழற்றி, அது போய் உட்காரும் தண்டில் வழக்கம்போல இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு மாட்டினேன்.

பட்டையில் கட்டர் பட்ட மாத்திரத்தில் சக் கழன்று விழுந்தது. விழுந்தது சும்மா விழவில்லை. சுற்றிக்கொண்டே பட்டையைக் கீறி, வைஸில் மோதி, தரையில் குதித்து ஓடியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உள்ளே இருந்து அவள், "என்னாச்சுங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல புள்ள, பாத்திரம் விழுந்துருச்சு" என்றேன். மறுபடி மாட்டினேன். மறுபடி விழுந்தது.

வீராப்பை விட்டு அந்தப் பட்டறைக்காரருக்கே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "தண்டுல எண்ணெ கிண்ணெ விட்டீங்களா?" என்றார்.

"விட்டனுங்க."

"அங்க திருகே கிடையாதுங்க. இரும்பும் இரும்பும் காஞ்சு கவ்வித்தான் சக்கு நிக்குது. அங்க போயி எண்ணெய விட்டா எப்பிடிங்க நிக்கும்?"

தண்டைத் துணியால் துடைத்தேன், பெட்ரோல் போட்டுத் துடைத்தேன். ஒரு நாள் நின்றது. நகத்தால் சுரண்டுகிற அளவுக்கு வெட்டினேன். கொஞ்சம் ஆசைப்பட்டு அழுத்தியதும் மறுபடி தரையில் குதித்தது. ட்ரில்லிங் மெஷின் கீழே அமுக்கத்தான், பக்கத்தில் தள்ளினால் அது தாங்காது என்றும் அவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அன்றைக்கு ட்ரில்லிங் மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தேன். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான், இதுவும் முடியவில்லை என்று அழுகையாக வந்தது.

கடைசியில் அந்த மெஷினுக்குத் தெரிந்த வேலையையே கேட்டேன். வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு, நடுவில் நின்ற இரும்பை உளியால் தட்டி எடுத்து, அரத்தால் ராவ ஆரம்பித்தேன். கம்பெனி வேலை முடிந்து வந்து தினமும் ராவினேன். உள்ளங்கை தோல் உரிந்தது. அவள் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

வீட்டில் கிடந்த பழைய ஓவர்லாக் மெஷினில் மாட்டினேன், மிதி வேலை செய்தது. அழுத்தினால் ஓடியது, குதிகாலுக்குத் தூக்கியது. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். ஓரம் சுருண்டுகொள்கிற பனியன் துணிதான் கொடுத்தேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிற துணி. இடது கால் ஒரு தடவை தடுமாறிப் பிறகு பழகிவிட்டது. தையல்தான் நேராகப் போகவில்லை. சுருண்ட ஓரம் வலது கைக்குக் கீழே மடிந்து மடிந்து உள்ளே போனது. பிரித்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"மிதி நல்லா இருக்குதுங்க. விரல்லதான் துணி பட்டாத் தெரிய மாட்டேங்குது."

"எப்பயிருந்து?"

"அப்பயிருந்தேதானுங்க. உப்பு எடுத்தாக்கூடப் பாத்துத்தான் எடுக்கறேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க ராவிக்கிட்டே இருந்தீங்க. நிறுத்தச் சொல்ல மனசு வரலீங்க."

அவள் வலது கையைத் துணிமேல் அப்படியே வைத்திருந்தாள். என் கை பழக்கத்தில் எண்ணெய்க் கேனை எடுத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.